பைப்பில வந்த கொக்டெயிலும் பொண்ணு பாக்க வந்த ஹாஜியாரும்

போன மாசம் ஒரு சனிக்கிழமை, அறுகம்பேயில ஒரு ஹோட்டலுக்குக் குளிர்ப்பெட்டி திருத்தப் போக இருந்திச்சு.

கல்முனையில பிரிட்ஜ், ஏசி திருத்துறதுதான் எண்ட தொழில். பதினெட்டு வருசம். இறைச்சிக் கடைப் பிரிட்ஜில இருந்து ஆஸ்பத்திரியில மையித்து வைக்கிற பெட்டி வரைக்கும் திருத்தியிருக்கிறன். ஒண்டுலயும் ஒரு வில்லங்கமும் வந்ததில்ல.

கூப்பிட்டது ஜெயந்தன். பக்கத்து ஊர் பாண்டிருப்பு ஆள், எண்ட பழைய கூட்டாளி. அந்த ஹோட்டல்ல பார்ல வேல செய்றான்.

"மச்சான், பெட்டி குளிராகுதில்ல. பின்னேரம் பார்ட்டி இருக்கு. நூறு வெள்ளைக்காரன் வாறான். நீ வராட்டி எண்ட வேல போயிரும்."

பிரச்சினை என்னண்டா, அண்டைக்குப் பின்னேரம் நாலரைக்கு எண்ட தங்கச்சி சிபானாவைப் பொண்ணு பாக்க வாறாங்க. வாப்பா மௌத்தாகி ஆறு வருசம். அவளுக்குக் காக்கா, அண்ணன் எண்டு இருக்கிறது நான் ஒருத்தன்; வந்தவங்கள வரவேற்கிறது, கதைக்கிறது எல்லாம் நான்தான். ரெண்டு சம்பந்தம் முன்னயே வாசல்வரை வந்து திரும்பிப் போயிருக்கு.

"ஒரு மணிக்கு அங்க இருந்து வெளிக்கிட்டிருவன்" எண்டு பொண்டாட்டி ஹஸீனாட்டச் சொன்னன்.

அவ என்ன நம்பல்ல. கலியாணம் முடிச்சுப் பன்னிரண்டு வருசம், நம்புறதுக்கு நானும் ஒரு காரணம் குடுக்கல்ல. "அப்ப நல்ல சேர்ட்டப் போட்டுக்கிட்டே போங்க. நேர வந்து கதிரையில இருக்கலாம்" எண்டு வெள்ளச் சேர்ட்ட அயன் பண்ணித் தந்தா.

அந்தச் சேர்ட்டோட மோட்டச்சைக்கிள்ல போய் இறங்கக்குள்ளயே ஒரு மணி.

எண்ட வாழ்க்கையில பாருக்குள்ள கால் வைக்கிறது அதுதான் முதல் தரம். வலது காலா இடது காலா எண்டு வாசல்ல நிண்டு யோசிச்சன். கக்கூசுக்குப் போற கணக்கில இடது கால வச்சு உள்ள போனன்.

உள்ள நாலு பைப்பு வரிசையா இரிக்கி. நான் பியர் எண்டுதான் நினைச்சன்.

"பியர் இல்ல மச்சான், கொக்டெயில்" எண்டான் ஜெயந்தன். "முந்தி ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாக் கலக்கிக் குலுக்கிக் குடுக்கணும். நூறு பேருக்குக் குலுக்கினாத் தோள் கழண்டிரும். இப்ப காலையிலயே கலந்து இந்த இரும்பு டிரம்முக்குள்ள ஊத்திக் காஸ் அடிச்சு வச்சிட்டா, பைப்பத் திறக்கிறதுதான் வேல."

"பள்ளிவாசல் கந்தூரிக்குச் சர்பத் கலக்கிற மாதிரி" எண்டன்.

"அதேதான். மயக்கம் மட்டும் கூட."

பைப்பத் திறந்து காட்டினான். முழுக்க நுரை. சவர்க்காரம் போட்ட மாதிரி.

பெட்டியக் கழட்டிப் பாத்தன். காத்தாடிக்குள்ள கடக்கரை மண் அடைச்சுக் கிடக்கு. துப்புரவாக்கினன், காத்தாடி சுத்தத் துவங்கிட்டு. முக்கால் மணித்தியாலத்துல வேல முடிஞ்சுது. அந்த இடத்துலயே சாமான எடுத்துக்கிட்டு வந்திருந்தா இத எழுத ஒண்டும் இருந்திருக்காது.

ஆனா டிரம்முக்கும் குழாய்க்கும் இடையில கொஞ்சம் கசிவு தெரிஞ்சுது. நமக்குத்தான் கையச் சும்மா வச்சிருக்க ஏலாதே.

"காஸ் மூடியாச்சா?" எண்டு கேட்டன்.

"ஓம் மச்சான்."

அவன் மூடினது சிலிண்டர. டிரம்முக்குள்ள அடைஞ்சு கிடந்த காஸ் அப்பிடியே இருந்திச்சு. அத முதல்ல வெளியேத்தணும். அது அவனுக்கும் தெரியா. பதினெட்டு வருசக்காரனுக்கும் தெரியா.

ஸ்பனரப் போட்டு ஒரு திருகுத் திருகினன்.

மறுகா நடந்தத எனக்கு ஒழுங்காச் சொல்ல ஏலாது, கண்ணுக்குள்ள தேசிக்காப் புளி. வாய மட்டும் இறுக்கி மூடிக்கிட்டன். தல, காது, சேர்ட்டு, அதுக்குத் தோதாப் போட்டிருந்த நல்ல களிசான், சப்பாத்து, எல்லாத்துலயும் இருபது லீற்றர் டிரம்மில பாதி. மிச்சப் பாதி முகட்டுல இருந்து சொட்டுது.

ஜெயந்தன் முதல்ல பாத்தது டிரம்ம. அதுக்குப் பொறகுதான் என்ன.

ஹோட்டல் பின்பக்கத்துப் பைப்பில தலையப் புடிச்சுக் கழுவினன். சீனிப்பாகு போகுது, மணம் போகுதில்ல. ஜெயந்தன் பாவப்பட்டு மாத்து உடுப்பெண்டு ஒரு ரீசேர்ட்டக் கொண்டு வந்தான். அதுல நெஞ்சளவுக்கு ஒரு போத்தல் படம்.

"வேற இல்லையா?"

"இருக்கு. அதுல ரெண்டு போத்தல்."

எண்ட சேர்ட்டப் புழிஞ்சு திரும்பப் போட்டுக்கிட்டு வெளிக்கிட்டன். அறுபது எழுபது கிலோமீற்றர் காத்துல மணம் போயிரும் எண்டு நினைச்சன். வெயில் பட்டதும்தான் விளங்கிச்சு, காயக் காய அது இன்னும் கூடுது. ஹெல்மட் தலையோட ஒட்டிப் போச்சு. கோமாரியில நிப்பாட்டி ஒரு பிளேன்டி கேட்டன். கடைக்காரன் என்ன ஒருக்காப் பாத்து, தேத்தண்ணிக்குள்ள சீனி போடாமத் தந்தான். வெறி முறிக்கிறதுக்காம்.

அதத் தாண்டிப் போனாப் பொலிஸ். கையக் காட்டினாங்க.

சார்ஜன்ட் சிங்கள ஆள், தமிழ் அரைகுறையாக் கதைக்கிறார். கிட்ட வந்தவர் ரெண்டடி பின்னுக்குப் போனார். எங்கட ஆக்கள அண்ணன் கணக்கில 'நானா' எண்டுதான் அவங்க கூப்பிடுவாங்க.

"நானா, எவ்வளவு போட்டது?"

"நான் குடிக்கல்ல சேர். மேல ஊத்துண்டது."

"எல்லாரும் அதுதான் சொல்றது."

குடிச்சவன் ஊதினா நிறம் மாறுற பலூன் ஒண்டு தந்தார். ஊதினன். ஒண்டுமில்ல. இன்னொண்டு தந்தார். அதையும் ஊதினன். ஒண்டுமில்ல. அவருக்குப் பலூன்லதான் சந்தேகம். புதுசா ஒரு பெட்டி உடைச்சு மூண்டாவதும் தந்தார். ஊதி ஊதித் தல சுத்திச்சு. அந்தச் சுத்துல நான் கொஞ்சம் தள்ளாட, பக்கத்துல நிண்ட மற்றப் பொலிஸ்காரர், "பாருங்க சேர், ஆடுறான்" எண்டார்.

சார்ஜன்ட் கிட்ட வந்து எண்ட வாய மணந்து பாத்தார். மறுகா தோள மணந்தார். பலூன் பெட்டிய மூடினார்.

"வாயில இல்ல. ஆள்ல இருக்கு. இதுக்குச் சட்டம் இல்ல நானா. போங்க. நெருப்புக்குக் கிட்ட மட்டும் போக வேணாம்."

ஹஸீனா போன் எடுத்தா. "எங்க நிக்கிறீங்க? அவங்க வந்து அரை மணித்தியாலம்."

"வாறன். பின் கதவத் திறந்து வையி. ஒரு துவாயும் சவர்க்காரமும் எடுத்து வையி."

"ஏன்?"

"வந்து செல்றன்."

பின் கதவுக்குப் போற ஒழுங்கைக்குள்ள அவங்க வந்த வேன நிப்பாட்டி வச்சிருந்தாங்க. நான் முன்வாசலால போக வேண்டியதாப் போச்சு. அங்க மாப்புள்ளட வாப்பா, வெள்ளத் தாடி ஹாஜியார், காத்துக்காக வெளியவே கதிரையப் போட்டு இருக்கிறார். பக்கத்துல மாப்புள்ள ஆசிக். அக்கரைப்பற்றுல போன் கடை வச்சிருக்கிற, தலையக் குனிஞ்சுக்கிட்டிருக்கிற ஒரு பொடியன்.

ஹாஜியார் எழும்பி, ரெண்டு கையையும் விரிச்சார். ஸலாம் சொல்லிக் கட்டிப்புடிக்கிறதுக்கு.

நான் பின்னுக்குப் போனன். மரியாதைக்குக் கூச்சப்படுறன் எண்டு நினைச்சு அவர் முன்னுக்கு வந்தார். நான் இன்னும் பின்னுக்குப் போனன். சுவர் வந்திட்டு.

கட்டிப்புடிச்ச கை எண்ட முதுகுல அப்பிடியே நிண்டிச்சு.

"தம்பி, இது என்ன மணம்?"

திரைக்குப் பின்னால இருந்து ஹஸீனா, "அத்தர், மாமா. துபாய் அத்தர்" எண்டா. அவ என்னக் காப்பாத்தத்தான் பாத்தா.

"நாலு தரம் மக்காவுக்குப் போய் வந்தவன் நான், புள்ள. இப்பிடி ஒரு அத்தர நான் மணந்து பாத்ததில்ல."

உம்மா உள்ள இருந்து அழத் துவங்கிட்டா. எனக்கு வேற வழியில்ல, நடந்த எல்லாத்தையும் சொன்னன். ஜெயந்தன், டிரம், பைப்பு, மூண்டு பலூன், எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரிப் பட்டுது.

"பைப்பில சாராயம் வருமா?" எண்டார் ஹாஜியார். "எங்கட ஊர்ப் பைப்பில தண்ணியே ஒழுங்கா வருதில்ல. எழும்பு ஆசிக், போவம்."

ஆசிக் எழும்பல்ல.

"வரும் வாப்பா" எண்டான்.

எல்லாரும் அவனத் திரும்பிப் பாத்தம்.

"மச்சான், டிரம்முக்குள்ள இருந்த காஸ வெளியேத்தாமக் கழட்டினீங்களா?"

"ஓம்."

"அதான் அடிச்சிருக்கு. வெள்ள ரம், அன்னாசி, தேசிக்கா, கொஞ்சம் புதினா. இவர் குடிக்கல்ல வாப்பா. குடிச்சா மூச்சுல வரும். இது சேர்ட்டுல மட்டும்தான் வருது."

நான் தலையாட்டினன். ஒரு தொழில்காரனுக்கு இன்னொரு தொழில்காரன் விளங்கப்படுத்துறத எண்ட வாழ்க்கையில இவ்வளவு சந்தோசமா நான் கேட்டதில்ல. அந்தச் சந்தோசம் ஒரு நிமிசம் கூட நிக்கல்ல.

"உனக்கு எப்பிடித் தெரியும்?" எண்டார் ஹாஜியார், மெதுவா.

ஆசிக் நிலத்தப் பாத்துக்கிட்டே சொன்னான். "துபாய் ஹோட்டல்ல ஸ்டோர்ல வேல எண்டு சொன்னன்தானே. அந்த ஸ்டோர்ல டிரம் நிரப்புறதுதான் வேல. மூண்டு வருசம். ஒரு சொட்டு வாயில வைக்கல்ல. ஆனா உங்களுக்குச் சொல்லப் பயமா இருந்திச்சு. மனசுக்கு ஏலாமத்தான் உட்டுட்டு வந்து கடை போட்டன்."

ஹாஜியார் திரும்பக் கதிரையில இருந்தார். கோபமா, வெக்கமா எண்டு முகத்துல தெரியல்ல. எண்ட மணத்தால தங்கச்சிட மூண்டாவது சம்பந்தமும் போச்சு. அதோட ஒரு நல்ல பொடியன்ட மானமும் சேந்து போச்சு.

அப்ப சிபானா தட்டோட வெளிய வந்தா. அவ வெளிய வர வேண்டிய நேரமே இல்ல அது. தேத்தண்ணியை ஹாஜியாருக்கு முன்னால வச்சா.

"மாமா, எங்கட காக்கா பொய் செல்லல்ல எண்டு காட்டுறதுக்கு இவர் தன்ட கலியாணத்தையே கெடுத்துக்கிட்டார். இவர் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். எனக்கு இவர் போதும். மறுகா உங்கட விருப்பம்."

ஆசிக் முதல் தரமாத் தலைய நிமித்தினான்.

ஹாஜியார் தேத்தண்ணியைப் பாத்தார். மகனப் பாத்தார். கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடிச்சார். பொறகு ஹஸீனா நிண்ட திரைப்பக்கம் திரும்பினார்.

"புள்ள, முதல்ல எண்ட மகன்ட மச்சானக் கொண்டுபோய்க் குளிக்க வையி. எனக்குத் தல சுத்துது."

நான் நாலு வாளி ஊத்திக் குளிச்சிட்டு வாறதுக்குள்ள நிக்காஹ்வுக்கு நாள் குறிச்சு முடிச்சிட்டாங்க.

இப்ப யார் திருத்த வேலைக்குக் கூப்பிட்டாலும் முதல்ல ஒண்டுதான் கேக்கிற: "அதுக்குள்ள என்ன ஓடுது?"