நீதிபதி மெரிலின் முதல் பத்து

"நாலாவது இடத்துல இருக்கிறவன் போலீஸைத் திட்டிப் பாடியிருக்கான், ஜட்ஜ்" என்றாள் கார்லிஸ்.

மெரில் ஹாக்லண்ட் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு அறைக் கதவைச் சாத்தினார். வெளியே வேலித் தகராறில் வந்த இரண்டு பண்ணைக்காரர்கள் ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்த நாலாவது?"

"உங்க வலைப்பூவுல. பதினோரு வருஷத்துக்கு முந்தின பட்டியல். 'இந்த ஆண்டு எனக்குப் பிடித்த பத்து ஆல்பங்கள்.'"

மெரில் நாற்காலியில் உட்கார்ந்தார். ப்ரையர் ஃபால்ஸ் கவுண்டி என்ற சிறு மாவட்டத்தின் நீதிபதியான அவரை மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஆளுநர் நியமித்திருந்தார். செனட் குழு விசாரித்து ஒப்புதல் தர வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வினாப்படிவம். அதில் பன்னிரண்டாம் கேள்வி, இதுவரை எழுதி வெளியிட்ட அத்தனையையும் ஒரு பக்கம் விடாமல் இணைக்கச் சொன்னது. கடைசியில் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும்.

மற்றவர்கள் சட்டக் கட்டுரைகளை இணைப்பார்கள். மெரில் வாழ்நாளில் எழுதி வெளியிட்டது இந்தப் பட்டியல்களை மட்டும்தான். ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த வருஷத்து ஆல்பங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் கீழே தீர்ப்பு எழுதுவதுபோல் காரணம் எழுதுவார். அவருடைய நிஜமான தீர்ப்புகளைவிட அவை நன்றாக இருக்கும் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறாள்.

"அவன் திட்டினது அவன் ஊர் போலீஸை, கார்லிஸ். தாளக்கட்டு பிரமாதமா இருந்தது."

"தாளக்கட்டுக்கு ஓட்டு கிடையாது, ஜட்ஜ்."

கார்லிஸ் ஆளுநரின் கட்சி அனுப்பிய வழக்கறிஞர். முப்பது வயதுகூட இருக்காது. மெரிலைக் குழுவின் முன்னால் சேதமில்லாமல் கொண்டுபோய் நிறுத்துவது அவள் பொறுப்பு.

"நான் என்ன பண்ணணும்?"

"நான் எதுவும் சொல்லலை. சொன்னதாவும் வெச்சுக்க வேண்டாம். ஆனா அது உங்க எழுத்து. உங்க எழுத்தை நீங்களே திருத்தினா அதுக்குப் பேரு திருத்தம்தான்."

மீன்பிடி உரிமத்தில் தேதியைத் திருத்திய ஒருவனுக்கு அந்த வாரம்தான் மெரில் அபராதம் போட்டிருந்தார். அவனும் அதைத் திருத்தம் என்றுதான் சொன்னான்.

அன்று மாலை மெரில் நாலாமிடத்துக்காரனை எடுத்துவிட்டு, பெரிய தொப்பி வைத்த ஒரு பாடகனின் ஆல்பத்தை அங்கே வைத்தார். கேட்காமல் எழுத மனம் வரவில்லை. முழுக்கக் கேட்டார். லாரி, நாய், கொடி, மறுபடியும் லாரி. "நேர்மையான குரல்" என்று எழுதினார். அதை எழுதுவதற்குள் காப்பி ஆறிப்போயிருந்தது.

இரண்டு நாள் கழித்து மறுபடி கார்லிஸ்.

"தொப்பிக்காரனை எடுத்துடுங்க."

"ஏம்மா, அவன் கொடியைப் பத்தித்தானே பாடுறான்?"

"போன வாரம் எதிர்க்கட்சி மேடையில ஏறி அதே கொடியை ஆட்டியிருக்கான்."

மெரில் யோசித்தார். பாடுகிறவர்களில் எவனை நம்பினாலும், அவன் நாளைக்கு எந்த மேடையில் ஏறுவானோ தெரியாது. ஆகவே ஆபத்தான இடங்களில் எல்லாம் வாயே திறக்காத ஆல்பங்களாகப் போட்டார். தேவாலய ஆர்கன், தனிப் பியானோ, ஏரிக்கரையில் நீர்ப்பறவைகள் கத்துவதைப் பதிவு செய்த ஒன்று.

"ஜட்ஜ், அஞ்சு வருஷமா உங்க பட்டியல்ல மனுஷக் குரலே இல்லை" என்றாள் கார்லிஸ். "எதையோ மறைக்கிற மாதிரி இருக்கு."

"மறைக்கத்தானே செய்யறோம்?"

"தெரியற மாதிரி மறைக்கக் கூடாது."

இப்படியே போனது. ஒரு வருஷத்துப் பட்டியலில் பெண்களே இல்லை என்று மூன்று பெண்களைச் சேர்த்தார். அதில் ஒருத்தி விவாகரத்தை ஆதரித்துப் பாடுவதாகத் தெரிந்தது. அவளை எடுத்ததும் பத்து ஒன்பதாயிற்று. பறவைகளில் இன்னொரு தொகுதியைச் சேர்த்துக் கணக்கை நேர் செய்தார். எது தான் கேட்டது, எது கார்லிஸ் கேட்டது என்று அவருக்கே குழம்ப ஆரம்பித்தது.

இதற்கு நடுவில் ஆர்வின் வந்தான்.

ஆர்வின் ப்ரோஸ்ட் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். மெரிலும் அவனும் பள்ளியிலேயே ஒன்றாகப் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆர்வின் தன் கராஜிலேயே கிடாரும் அக்கார்டியனும் வைத்து ஒரு ஆல்பம் பதிவு செய்தான். ஊரில் முப்பது பேர் வாங்கினார்கள். அதில் பாதிப் பேர் கேட்கவில்லை. அந்த வருஷம் மெரில் அதற்கு முதலிடம் கொடுத்தார். அந்தப் பக்கத்தை ஆர்வின் யாரிடமோ சொல்லி அச்சடித்து வாங்கிச் சட்டம் போட்டுக் கராஜில் மாட்டியிருந்தான்.

இப்போது உணவகத்தில் எதிரில் உட்கார்ந்து கேட்டான். "ஏன்டா மெரில், நீ எழுதினது எல்லாத்தையும் தலைநகருக்கு அனுப்பணுமாமே?"

"ஆமாம்."

"எல்லாத்தையும்னா?"

"எல்லாத்தையும்தான்."

"அப்போ என் ஆல்பம் பேரும் போகுதா?"

மெரில் முட்டையை வெட்டிக்கொண்டே தலையாட்டினார். அப்போது அது உண்மையாகத்தான் இருந்தது.

ஆர்வின் பரிமாறும் பெண்ணைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான். "கேட்டியா, செனட்டருங்க என்னைப் பத்திப் படிக்கப் போறாங்க."

"படிச்சா படிக்கட்டும். நீ முதல்ல போன வாரத்துக் காப்பிக்குக் காசு குடு" என்றாள் அவள்.

ஒரு வாரத்தில் டயர் கடை, தபால் அலுவலகம், தேவாலயம் எல்லா இடத்துக்கும் செய்தி போய்விட்டது. தெருவில் பார்த்தவர்கள் மெரிலை வாழ்த்திவிட்டு, "ஆர்வினும் உங்க கூட வர்றானாமே" என்றார்கள்.

அடுத்த திங்கட்கிழமை கார்லிஸ் நேரிலேயே வந்தாள். கையில் ஒரே ஒரு பக்கம்.

"இதைப் படிங்க. சத்தமா."

முதலிடத்துக்குக் கீழே எழுதியிருந்ததை மெரில் படித்தார். "இதைப் பாடியவர் என் நண்பர். அதனால் மூன்று வாரம் கேட்காமல் தள்ளிவைத்துவிட்டு, யாரோ எவரோ பாடியதுபோலக் கேட்டேன். நீதிபதிகளையும் இப்படித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் கட்சிக்காரர் என்று ஆளுநர் நியமிப்பதும், நம் கட்சி நியமித்தது என்று செனட் கைதூக்குவதும் நீதிமன்றத்துக்குச் செய்யும் துரோகம். அப்படி வந்த நாற்காலியில் மானமுள்ளவன் உட்கார மாட்டான்."

படித்து முடித்துவிட்டு மெரில் கண்ணாடியைத் துடைத்தார்.

"எழுதினப்போ எனக்கே கொஞ்சம் பெருமையா இருந்தது" என்றார்.

"முதல்ல நானும் சந்தோஷப்பட்டேன். அப்போ ஆளுநர் எதிர்க்கட்சி ஆளு. செமத்தியாக் குடுத்திருக்கீங்க. அப்புறம்தான் தேதியை மறந்துட்டுப் படிச்சுப் பார்த்தேன்."

"நான் இன்னும் அதைத்தான் நம்பறேன், கார்லிஸ்."

"தாராளமா நம்புங்க. வீட்ல வெச்சு நம்புங்க. இணைப்புல வேண்டாம்."

மெரில் பத்தியை மட்டும் வெட்டினார். இப்போது நண்பன் என்ற சொல்லும் இல்லை, காரணமும் இல்லை. ஊர் பேர் தெரியாத ஒரு ஆல்பம் மொட்டையாக முதலிடத்தில் நின்றது.

"இது இன்னும் மோசம்" என்றாள் கார்லிஸ். "நண்பனுக்குச் சலுகை காட்டினவர்னு ஆயிடும்."

"ஆறாவது இடத்துல வைக்கட்டுமா?"

"ஆறாவது இடத்துல இருந்தாலும் நண்பன்தானே. பக்கத்தையே எடுத்துடலாம். வலைப்பூவுலயும்."

"அந்த ஒண்ணு மட்டும் நான் நிஜமாவே எழுதினது."

"ஜட்ஜ், இந்த ஊர்ல எத்தனை வருஷமா வேலித் தகராறு பாக்கறீங்க?"

மைல் கணக்கில் வேலிகள் மெரிலின் கண்முன் வந்தன. வெளியே பெஞ்சில் புதிதாக இரண்டு பண்ணைக்காரர்கள் வந்திருந்தார்கள். ஆர்வினுக்குக் கணினி பக்கம் போகும் பழக்கமே இல்லை என்பதும் ஞாபகம் வந்தது. தலைநகரில் ஒரு கட்டுக் காகிதத்துக்குள் ஒரு பக்கம் இருக்கிறதா இல்லையா என்று அவனுக்கு எப்படித் தெரியப்போகிறது?

பக்கத்தை எடுத்தார். "ஒரு பக்கமும் விடாமல் இணைத்திருக்கிறேன்" என்ற வரிக்குக் கீழே, வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்து, கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு சில நாள் உணவகத்தின் பக்கம் போகவில்லை. ஒருநாள் தபால் அலுவலகத்தில் ஆர்வினே எதிரில் வந்துவிட்டான். ஆல்பத்தைப் பற்றி ஆரம்பிக்கப் போகிறான் என்று மெரில் கையிலிருந்த தபால்களைப் புரட்ட ஆரம்பித்தார். அவனோ குளிரைப் பற்றிப் பேசினான், பேருந்தின் பிரேக்கைப் பற்றிப் பேசினான், கிளம்பிவிட்டான். அடுத்த முறையும் அப்படியே. டயர் கடையிலும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"மறந்துட்டான் போல" என்று மெரில் மனைவியிடம் சொன்னார்.

"நல்லதாப் போச்சு. அவனுக்கு எப்பவுமே ஒரு விஷயத்துல மனசு நிக்காது" என்றாள் அவள்.

விசாரணை நாள் வந்தது. பள்ளி விடுமுறை என்பதால் ஆர்வின் அனுமதி வாங்கிப் பேருந்தை எடுத்து வந்து, ஊர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு தலைநகருக்கு ஓட்டினான். மெரிலின் மனைவிக்கு வெப்பம் வரும் இருக்கையாகப் பார்த்துக் கொடுத்தான்.

குழுவில் பதின்மூன்று பேர். முதல் செனட்டர் தன் தொகுதியில் இடிந்த பாலத்தைப் பற்றிப் பேசினார். இரண்டாமவர் அந்தப் பாலத்தை இடிய விட்டது யார் என்று பேசினார். கேமரா எங்கே திரும்புகிறதோ அங்கே இருந்தவர் குரல் உயர்ந்தது. மெரில் ஒவ்வொரு ஆல்பத்துக்கும் பதில் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். பறவைகளுக்குக்கூட இரண்டு பதில்கள் இருந்தன. ஒருவரும் கேட்கவில்லை.

எதிர்க்கட்சிப் பெண் செனட்டர் ஒருவர் மட்டும் கேட்டார். "கட்சி பார்த்து நீதிபதிகளை நியமிப்பதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?"

மெரில் தண்ணீர் குடித்தார். "அதைப் பற்றி நான் எதுவும் எழுதியதில்லை, செனட்டர். கருத்துச் சொல்வதும் முறையாகாது."

அந்த அம்மாள் தலையாட்டிவிட்டுத் தன் கைப்பேசியைப் பார்த்தார்.

ஆளுங்கட்சியில் ஏழு பேர். ஏழும் ஆதரவு. மற்றவர்கள் ஆறு பேர். ஆறும் எதிர்ப்பு. கார்லிஸ் ஓடி வந்து கை குலுக்கினாள். "பாத்தீங்களா, ஒரு கீறல் இல்லை" என்றாள். அடுத்த நியமனக்காரர் காத்திருந்ததால் உடனே போய்விட்டாள். அவர் மீன்பிடிப்பதைப் பற்றிக் கவிதை எழுதியவராம்.

தாழ்வாரத்தில் ஆர்வின் ஒரு காகிதப் பையை நீட்டினான். வான்கோழி சாண்ட்விச்.

"ஜெயிச்சுட்ட. சாப்பிடு, முகமெல்லாம் வாடிக் கிடக்கு."

எப்படியும் சொல்லிவிடுவது நல்லது என்று மெரிலுக்குத் தோன்றியது.

"ஆர்வின், உன் ஆல்பத்தைப் பத்தி யாரும் கேக்கலைடா."

"கேக்க மாட்டாங்க. அதனால என்ன? நான் போய் வண்டியைச் சூடு பண்றேன். நீ நிதானமா வா" என்று சொல்லிவிட்டு அவர் தோளைத் தட்டிக்கொடுத்துப் போனான்.

மெரில் அவன் போவதைப் பார்த்தார். தப்பித்துவிட்டோம் என்று தோன்றியது. இனி பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் வலைப்பூவில் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

வெளியேறும் வழியில் குழுவின் ஆவண அறை இருந்தது. அங்கிருந்த இளம் குமாஸ்தா அவரை அடையாளம் கண்டு எழுந்தாள். பன்னிரண்டாம் கேள்வியின் இணைப்பைத் திரும்ப எடுத்துப் போகிறாரா என்று கேட்டாள். கட்டு ஏறக்குறைய வந்தபடியே இருந்தது.

"செனட்டருங்க யாரும் பாக்கலையா?" என்றார் மெரில்.

"அவங்க எதுக்கு சார் பாக்கணும்? உங்க பேரை அறிவிச்ச அன்னிக்கே ஏழு, ஆறுன்னு எல்லாருக்கும் தெரியுமே."

"அப்போ இதை யாருமே படிக்கலை."

"பொதுமக்கள் வந்து பாக்கலாம்னு இங்க வெச்சிருப்போம். ஆனா யாரும் வர மாட்டாங்க" என்றாள் அவள். பதிவேட்டை அவர் பக்கம் திருப்பிக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"போன மாசம் ஒருத்தர் மட்டும் வந்தார் சார், அதோ பஸ் பக்கத்துல நிக்கிறாரே அவர்தான், உக்காந்து ஒவ்வொரு பக்கமாத் திருப்பிப் பாத்துட்டு ஏதாவது விட்டுப்போயிருக்குமான்னு கேட்டார், நீதிபதி சத்தியம் பண்ணிக் குடுத்தது, எதுவும் விட்டுப்போயிருக்காதுன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."