முதுகு காட்டாத நாடு

"நாலு பலகைதானே சொர்ணம், அதுவும் முழங்கால் உயரம்..."

"அங்கேயும் முதல்ல முழங்கால் உயரந்தான் இருந்துச்சாம். எங்க மாமியார்..."

"என்னைப் பேச விடுறியா? பின்னால உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு என் குரல் கேக்க மாட்டேங்குது..."

"கேக்கலேன்னா அவங்க முன்னால வந்து உட்காரட்டும். நீங்க எதுக்கு மேல ஏறணும்?"

"காத்து வரும்டி!"

"காத்துக்கு விசிறி இருக்கு."

நடுவில் ஆசாரி, தூக்கிய சுத்தியலை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அவரை வரச் சொன்னவர் மாசிலாமணி. மதியச் சோறு போடப் போகிறவள் அவர் மனைவி சொர்ணம். ஆகவே அவருக்கு இந்த விஷயத்தில் கருத்து எதுவும் இல்லை.

மாசிலாமணி ஓடைப்பட்டிக்குத் தலைவராகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. அவரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டால் ஊரே ஒரே பதிலைச் சொல்லும்: "திருமுக நாட்டையே ஏமாத்திட்டு வந்த மனுஷன்யா!" சொர்ணத்தைக் கேட்டால் வேறு பதில் வரும். அவளை யாரும் கேட்கவில்லை.

திருமுக நாடு மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. நல்ல மண், நல்ல மழை, நடுவே ஒரு மேடை. மேடைமேல் நாற்காலி, நாற்காலியில் மேடையார். அவர் குருவா அரசரா என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், "காலையில் குரு, மாலையில் அரசர், நடுப்பகலில் உறக்கம்" என்று மரியாதை மந்திரி விளக்குவார். மேடையாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் துன்பம் அண்டாது என்பது நாட்டின் நம்பிக்கை. மேடை வருஷா வருஷம் உயர்ந்துகொண்டே போனதால் முகம் யாருக்கும் தெரியவில்லை. தெரியாத முகத்தை இன்னும் கவனமாகப் பார்த்தார்கள்.

சொர்ணம் கல்யாணமாகி அங்கே போன புதிதில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. மேடைத் தெருவில் நடப்பவர்கள் மேடைக்கு முதுகு காட்டக் கூடாது. வரும்போது நேராக வரலாம், போகும்போது முகத்தை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு பின்னால் நடந்து போக வேண்டும். சின்னத் தெரு. இதில் என்ன வந்தது என்று அவளும் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து பழகினாள்.

பிறகு அந்தச் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. வீட்டிலும் வயலிலும், விழித்திருக்கும்போதும் தூக்கத்திலும். அடுப்புகளை இடம் மாற்றினார்கள். மேடைக்கு முதுகு காட்டிய வாசல்களைச் சுவர் வைத்து அடைத்தார்கள். உழவர்கள்தான் திண்டாடினார்கள். மாசிலாமணியை முன்னால் தள்ளிக்கொண்டு மந்திரியிடம் போனார்கள்.

"ஐயா, மேடையைப் பார்த்து ஒரு சால் உழுதுடறோம். திரும்ப வர்றப்போ மாடு பின்னால நடக்க மாட்டேங்குது."

மந்திரி கண்ணை மூடி யோசித்துத் திறந்தார். "மாடு பின்னால் நடக்காது என்பது மாட்டின் கருத்து. அரசின் கருத்து அதுவல்ல."

"அப்போ விளைச்சல்?"

"விளைச்சல் குறைந்தால் வயிறு குறையும். வயிறு குறைந்தால் குனிந்து வணங்குவது எளிது. எல்லாவற்றையும் ஆராய்ந்துதான் செய்திருக்கிறோம்."

உழவர்கள் கும்பிட்டார்கள். பின்னால் நடந்து வெளியே வந்தார்கள். மூன்று பேர் படியில் உருண்டார்கள்.

"எப்பேர்ப்பட்ட அறிவு பாத்தியா!" என்று முழங்கையில் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்து மாசிலாமணி வியந்தார். சொர்ணம் மஞ்சளைக் குழைத்துப் போட்டாள். அவளும் அப்போது வியந்தாள்தான். வியக்காதவர்களுக்கு அந்த நாட்டில் பக்கத்து வீடு கிடையாது, பேச்சு கிடையாது, நெருப்புக்கூடக் கிடையாது.

ஆட்கள் கிணற்றில் விழத் தொடங்கியதும் அரசு சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பின்பார்வையாளரை நியமித்தது. பின்னால் நடப்பவருக்குப் பின்னால் நின்று, வழியில் என்ன இருக்கிறது என்று சொல்வது அவர் வேலை. ஆனால் அவரும் மேடையைப் பார்த்துத்தானே நிற்க வேண்டும்? அவருக்குப் பின்னால் இருந்த கிணறு அவருக்குத் தெரியவில்லை. எனவே அவருக்கு ஒரு பின்பார்வையாளரை நியமித்தார்கள். நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் ஒழிந்தது என்று முரசு அறைந்தார்கள். முரசு அறைந்தவரும் கிணற்றில் விழுந்தார்.

தேர்தலும் உண்டு. மேடையாரை மாற்ற முடியாது. அவர் நாற்காலியில் போடும் மெத்தை சிவப்பா மஞ்சளா என்று மக்கள் தீர்மானிக்கலாம். மாசிலாமணி சிவப்பு மெத்தைக் கட்சி. எதிர்வீட்டுக் கண்ணாயிரம் மஞ்சள். இருவரும் ஆயுளில் பாதியை அதில் கழித்தார்கள். மஞ்சள் ஜெயித்த வருஷம் மாசிலாமணி மூன்று வேளை சாப்பிடவில்லை. சாப்பாடும் அவ்வளவாக இல்லை என்பது வேறு விஷயம்.

இப்படி இருக்கும்போதுதான் சேதி வந்தது. சட்டம் நாடு முழுவதற்கும் வருவதற்கு முன்பே ஓடைப்பட்டியில் வாழ்க்கைப்பட்டுப் போன மகள் பூங்காவனத்துக்கு மாசம் நிறைந்துவிட்டது. எல்லைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாப்பிள்ளை கத்தியதை ஒருவர் கேட்டு ஒருவருக்குச் சொல்லி, ஊர் ஊராக வாய் மாறி வந்து சேர்ந்தது. தலைப் பிரசவம். அங்கே அவளுக்கு மாமியாரும் இல்லை.

சொர்ணம் மந்திரியிடம் போய் நின்றாள்.

"எம் பொண்ணுக்குத் தலைப் பிரசவம் சாமி. நான் அவகூட இருக்கணும்."

"நாட்டை விட்டுப் போகிறவர்கள் மேடைக்கு முதுகைக் காட்டுகிறார்கள். அது துரோகம் தாயே."

"முதுகைக் காட்டாம போனா?"

மந்திரிக்குச் சிரிப்பு வந்தது. "அதற்குப் பெயர் போவதா? பணிவு! சென்ற வாரத்து ஆணையை நீ கேட்கவில்லையா? மேடையருகே அதிகாரிகளுக்கே இடமில்லை. ஆகவே, எவ்வளவு தள்ளி நிற்கிறோமோ அவ்வளவு பணிவு என்று அறிவித்திருக்கிறோம். மிகவும் தள்ளி நிற்பவருக்குப் 'பணிவுச் செம்மல்' பட்டம்."

"எவ்வளவு தூரம் தள்ளி நிக்கலாம் சாமி?"

"பணிவுக்கு அளவு வைக்க நீ யார், நான் யார்?" என்று மந்திரி மேசையைத் தட்டினார்.

சொர்ணம் கும்பிட்டுவிட்டுப் பின்னாலேயே நடந்து வீட்டுக்கு வந்தாள். அன்று அவள் எதிலும் இடித்துக்கொள்ளவில்லை.

"ஏங்க, கண்ணாயிரம் அண்ணன் உங்களைவிட ரெண்டு அடி பின்னால நிக்கிறாராமே?" என்றாள்.

"யாரு? அந்த மஞ்சள் மெத்தையா?"

"அவருக்குத்தான் பட்டமாம். ஊரே பேசிக்குது."

மாசிலாமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாயிரத்தைவிட மூன்று அடி பின்னால் போய் நின்றார். கண்ணாயிரம் நாலு அடி போனார். மாசிலாமணி வயலுக்குப் போனார். கண்ணாயிரம் வயலைத் தாண்டினார். சொர்ணம் ஒரு மூட்டையில் சுக்கும் பழந்துணியும் கட்டிக்கொண்டு கணவருக்குப் பக்கத்திலேயே நடந்தாள். "இன்னும் கொஞ்சம்ங்க... அவரு புளியமரத்துக்கிட்ட வந்துட்டாரு... விட்டுடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

எல்லைச் சுவரின் வாசலில் காவலர் மேடையைப் பார்த்து நின்றிருந்தார். இரண்டு முதுகுகள் தன்னை நோக்கி வருவதைக் கண்டு கையிலிருந்த வேலை நீட்டினார்.

"நில்லு! எங்கே போறீங்க?"

"போகலீங்க. பணிவா நிக்கிறோம்" என்றாள் சொர்ணம். "இன்னும் கொஞ்சம் பணிய வேண்டியிருக்கு."

காவலர் யோசித்தார். இருவரும் மேடையைப் பார்த்துத்தான் இருந்தார்கள், சட்டமீறல் எதுவும் இல்லை. அவர் வேலைத் தாழ்த்தினார். இருவரும் அவரைக் கடந்து அவருக்குப் பின்னால் போனார்கள். அப்புறம் அவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்க வேண்டுமானால் அவர் திரும்ப வேண்டும். திரும்பினால் மேடைக்கு முதுகு.

"இன்னும் இருக்கீங்களா?" என்று முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"இருக்கோம்ங்க" என்றது மலைச்சரிவிலிருந்து ஒரு குரல்.

காவலர் அக்கம்பக்கம் கண்ணை ஓட்டினார். பிறகு யாருக்கும் தெரியாமல் அவரும் ஓரடி பின்னால் வைத்தார்.

மலை ஏறி இறங்கும் வழியெல்லாம் மாசிலாமணி கண்ணீர் விட்டார். "மேடையே கண்ணுக்குத் தெரியல சொர்ணம்! இதைவிடப் பணிவா ஒருத்தன் இருக்க முடியுமா?" என்று விம்மினார். பட்டம் தனக்குத்தான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. அப்படியே பின்னால் நடந்து ஓடைப்பட்டிக்குள் புகுந்து, மாப்பிள்ளையின் மாட்டுத் தொழுவச் சுவரில் முதுகு முட்டித்தான் நின்றார்.

அப்போது சொர்ணத்துக்குப் பின்னால் ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டது.

அவள் திரும்பிவிட்டாள். அவ்வளவு வருஷம் திரும்பாத கழுத்து நெறுக்கென்றது. வானம் இடியவில்லை. கண் அவிந்து போகவில்லை. எதிரே ஒரு கதவு இருந்தது, கதவுக்குள் மகள் இருந்தாள்.

"சொர்ணம்! முதுகு! மேடைப் பக்கம் முதுகு!" என்று மாசிலாமணி பதறினார்.

"இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே அவள் நேராக உள்ளே நடந்தாள். பழக்கமில்லாததால் நிலைப்படியில் இடித்துக்கொண்டாள். "அம்மா, முன்னால பாத்து நட!" என்று கட்டிலில் கிடந்தபடி பூங்காவனம் சிரித்தாள். சொர்ணமும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சிரித்தாள். நெடுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு, நிறுத்த முடியவில்லை.

அடுத்தடுத்த மாதங்களில் கண்ணாயிரம் வந்து சேர்ந்தார். காவலர் வேலோடு வந்தார். ஊர் ஊராகப் பணிவு மலையிறங்கி வந்துகொண்டே இருந்தது. மாசிலாமணி நேராக நடக்கக் கற்றுக்கொண்டார், கதை சொல்லவும் கற்றுக்கொண்டார். ஒவ்வொரு சாயங்காலமும் கதையில் அவருடைய சாமர்த்தியம் கொஞ்சம் வளர்ந்தது. முதலில் கண்ணீர் காணாமல் போனது, பிறகு பட்டம் காணாமல் போனது, கடைசியில் சொர்ணமும் சுக்கு மூட்டையும் காணாமல் போனார்கள். திட்டம் முழுவதும் அவருடையதாயிற்று. கேட்டவர்கள் கைதட்டினார்கள், சில வருஷம் கழித்துத் தேர்தல் வந்ததும் ஓட்டும் போட்டார்கள்.

இப்போது பலகை.

"அழுதுக்கிட்டே வந்த மனுஷன் நீங்க. அதைச் சொல்லியிருந்தா எவன் உங்களுக்கு மேடை கேப்பான்?" என்றாள் சொர்ணம்.

"அதையெல்லாம் ஏன் இப்ப கிளறுறே? ஊரே ஆசையா கேக்குது. ஆசாரி, அடிய்யா."

ஆசாரி சொர்ணத்தைப் பார்த்தார்.

"அடிங்க, அடிங்க" என்றாள் அவள். "உங்களுக்குச் சோறு உண்டு. மேல ஏறுறவருக்கு இங்க கிடையாது. மேடையார் பசிக்குக் கீழ இறங்கி வந்ததா நான் கேட்டதில்ல."

கடைசி ஆணியும் இறங்கியது. மாசிலாமணி வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பலகைமேல் ஒரு காலை வைத்து, ஆடுகிறதா என்று பார்த்து, இன்னொரு காலையும் வைத்தார். கீழே கண்ணாயிரமும் இன்னும் நாலைந்து பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். நல்ல காற்று. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

உள்ளேயிருந்து பேத்தி கூப்பிட்டாள். சொர்ணம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வீட்டைப் பார்த்து நேராக நடந்தாள்.

"சொர்ணம்! நான் மேல நின்னு பேசிக்கிட்டிருக்கேன், நீ பாட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் போறியே?"