பேதுருவின் கண்

"கண்ணை மூடுங்க, ஐஸ் வைக்கணும்."

"மூடிட்டுத்தாண்டி இருக்கேன்!"

இன்னாசிமேரி குனிந்து பார்த்தாள். கணவனின் இமைகள் பாதி வழியில் நின்றுவிட்டிருந்தன. கீழே வெள்ளை விழி தெரிந்தது. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஆரோக்கிய ஜெகனுக்கு இமைத்தோல் தொங்கிப் பாதிக் கண்ணை மறைக்கும். அதனால் கடலூரில் அவர்கள் சர்ச் பங்கு மக்கள் தவக்காலத்தில் போடும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்தில் அவனுக்கு வருடா வருடம் ஒரே வேஷம்தான். இயேசுவின் கல்லறை வாசலில் தூங்கி வழியும் காவல்காரன். வசனமே கிடையாது. இந்த வருடமாவது இயேசுவின் சீடர் பேதுருவாக நின்று நாலு வார்த்தை பேசிவிட வேண்டும் என்ற வெறியில், யாருக்கும் சொல்லாமல் பெண்டாட்டியோடு சிதம்பரம் போய் இமையை வெட்டித் தைத்துக்கொண்டு வந்திருந்தான்.

டாக்டருக்குப் போன் போட்டான்.

"வீக்கம் வத்துனா மூடிக்கும் சார். சில பேருக்குக் கொஞ்சம் நாளாவும். தூங்குறப்ப மருந்தைத் தடவி டேப் ஒட்டிக்குங்க."

"இன்னிக்கு ஒத்திகை சார்!"

"அப்ப கூலிங் கிளாஸ் போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டு இன்னாசிமேரியோடு போனான். கேட்டவர்களிடம் "மெட்ராஸ் ஐ" என்று சொல்லித் தொலைத்தான். சீடர்கள் சிதறினார்கள். சிலுவை சுமந்துகொண்டிருந்தவர் அதைத் தொப்பென்று போட்டுவிட்டு ஓடினார்.

"எல்லாருக்கும் ஒட்டிக்கும், வீட்டுக்குப் போங்கண்ணே!" என்று கத்தினாள் நாடகத்தை நடத்தும் பிரிசில்லா டீச்சர்.

"அதெல்லாம் இல்ல டீச்சர், பாருங்க!" என்று கண்ணாடியைக் கழற்றினான்.

இரண்டு கண்ணைச் சுற்றியும் கன்றிப்போய்க் கறுநீலம். கூட்டம் மொத்தமும் இன்னாசிமேரியைத் திரும்பிப் பார்த்தது.

"நான் ஒண்ணும் அடிக்கல! பேதுரு வேஷத்துக்காக இவுருதான் சிதம்பரத்துல போயி கண்ணை ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்திருக்காரு!"

மானம் கப்பலேறியது. சிரித்து ஓய்ந்த பிறகு, போனால் போகிறதென்று டீச்சர் ஒரு வாய்ப்புக் கொடுத்தாள். இயேசுவைத் தெரியவே தெரியாதென்று மறுதலித்த பேதுரு, சேவல் கூவியதும் மனம் கசந்து அழும் காட்சி. ஜெகன் உயிரைக் கொடுத்து அழுதான். கண் மட்டும் உருட்டி விழித்தபடியே இருந்தது.

"அண்ணே, இது அழுவுற சீன். நீங்க அதட்டுறீங்க."

"சரி டீச்சர், பழைய காவக்காரனாவே இருந்துட்டுப் போறேன்."

"தூங்குற காவக்காரன் கண்ணைத் தொறந்துகிட்டா தூங்குவான்?"

கடைசியில் பேதுரு வேஷம் சீடர்களில் ஒருவனாக நின்ற ஜெனித்துக்குப் போனது. ஜெகனுக்குக் கிடைத்தது அந்தச் சேவல். திரைக்குப் பின்னால் நின்று கூவ வேண்டும், முகமே தெரியாது.

ஜெகன் திரையோரம் போய்த் தரையில் உட்கார்ந்தான். உள்ளதும் போய்விட்டது. ஊர் சிரிக்கிறது. துக்கத்தில் கண்ணை மூடிக்கொள்ளக்கூட வழியில்லை. இதைவிடக் கேவலம் இனி வராது என்று நினைத்துக்கொண்டான்.

மேக்கப் போட வந்திருந்த சுப்பராயலு பக்கத்தில் வந்து குந்தினார்.

"தம்பி, உங்க பழைய போட்டோ ஒண்ணு இருந்தா குடுங்க. பேதுருன்னா அழுதழுது இமை தொங்கிப்போயிருக்கணும், ஜெகனுக்கு முன்னாடி இருந்த மாதிரியே ஜெனித்துக்கு ரப்பர்ல ஒட்டிவுடுங்கன்னு ஃபாதர் சொல்லிட்டாரு."