பெடல் பழுதான பாக்கியம்

லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிற விஜிதரனுக்குக் கிட்டாரும் வாசிக்க வரும், வாயும் வாசிக்க வரும். இரண்டில் வாய்தான் நல்லா வரும். அந்த வாய் சும்மா கிடக்காமல் தோட்டத்துத் தலைவர் செல்லசாமியிடம் போய் ஒரு வார்த்தை விட்டுவிட்டது.

"தலைவரே, இந்த வருசம் திருவிழாக் கச்சேரியில அம்மன் பாட்டுக்கு நடுவுல நான் தனியா வாசிக்கப்போறேன். அத்தன பேருக்கும் மயிர் சிலிர்க்கணும்!"

தலைவர் சும்மா இருப்பாரா? கோயில் ஸ்பீக்கரில் மூன்று வேளையும் அறிவித்துவிட்டார். அப்புறம்தான் விஜிதரனுக்கு உறைத்தது. அவனுக்கு அந்தத் தனி வாசிப்பு சுத்தமாக வராது. வராவிட்டால் தோட்டம் முழுக்கச் சிரிக்கும், லொறியில் போகும்போதெல்லாம் சிரிக்கும்.

அவன் கிட்டாரோடு ஒரு இரும்புப் பெட்டி உண்டு. பெடல் என்பார்கள். காலால் மிதித்தால் சிவப்பு லைட் எரியும், கிட்டார் உறுமும். வரிசை வீடுகளில் ஒன்றான தன் காம்பிராவில் உட்கார்ந்து அவன் பழக ஆரம்பித்த முதல் நாளே பக்கத்துக் காம்பிரா சண்முகவடிவு அக்கா எட்டிப் பார்த்து அவன் பொண்டாட்டியிடம் கேட்டாள்.

"பிரேமினி, ஒங்க வீட்ல மாடு கன்னு போடுதா?"

"இல்லக்கா, அவரு பழகுறாரு."

"அடி ஆத்தாடி!"

அப்படிப் பழகும்போதுதான் ஒருநாள் பெடல் 'கர்ர்' என்றது. லைட் அணைந்தது. அவ்வளவுதான், செத்துப்போச்சு. விஜிதரன் வெளிப்பார்வைக்குத் தலையில் கை வைத்தான். உள்ளே அவனுக்குத் தேர் இழுத்த சந்தோசம். பெடல் இல்லாமல் எப்படி வாசிப்பது? வாசிக்க முடியாது! தாயே மாரியம்மா, கண்ணைத் திறந்துட்டியே!

உடனே ரிப்பேர் நாடகம் ஆரம்பமானது. பெட்டியைக் கழற்றினான். ஆணிகளைத் தட்டில் பரப்பினான். ஈயம் உருக்கிக் காம்பிரா முழுக்கப் புகை போட்டான்.

"என்னங்க, எப்பச் சரியாகும்?"

"உள்ளுக்க ஒரு சாமான் போயிருச்சு புள்ள. கொழும்புலதான் கிடைக்கும்."

"அப்ப போய் வாங்கிட்டு வாங்க."

"எப்படிப் போறது? காப்புக் கட்டியாச்சே! போனா ராத் தங்கணும். தோட்டத்து எல்லைய தாண்டி ராத் தங்குனா தெய்வக் குத்தம் ஆயிராதா?"

வாய் அடைக்கிற பதில். ஆனால் பிரேமினி, கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பிராவில் வேலை பார்க்கிறவள். வாயில் சீனியை வைத்துக்கொண்டே 'நான் எடுக்கல' என்று சொல்லும் குஞ்சு குருமான்களைத் தினமும் பார்க்கிறவள். புருசன் முகத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"பாவம்ங்க நீங்க" என்றாள்.

மறுநாள் அவள் தம்பி அழகன் வந்து நின்றான். தலவாக்கலையில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். அதே கச்சேரியில் கீபோர்டு வாசிக்கிறவனும் அவன்தான்.

"மச்சான், பெட்டியக் குடுங்க. அக்கா சொல்லிச்சு."

குடுக்காமல் இருக்க முடியுமா? அழகன் திறந்து பார்த்துச் சிரித்தான். "சாமானும் இல்ல, ஒண்ணும் இல்ல. வயர் ஒண்ணு விட்டிருக்கு." ஒரு சொட்டு ஈயம் வைத்தான். சிவப்பு லைட் பளிச்சென்று எரிந்தது. விஜிதரன் முகம்தான் அணைந்துபோனது.

விட்டானா? கச்சேரிக்கு முதல் நாள், பிரேமினி வேலைக்குப் போன நேரம் பார்த்து, நகவெட்டியால் உள்ளே கண்ணில் பட்ட வயரையெல்லாம் 'நறுக் நறுக்' என்று வெட்டிவிட்டு மூடி வைத்தான். சாயங்காலம் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னான்.

"புள்ள, மறுபடி போயிருச்சு. நம்ம தலையெழுத்து."

"அப்படியா? கோயிலுக்குக் கொண்டுபோய் ஆத்தா காலடியில வச்சிட்டு வாறேன்" என்று சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

திரும்பி வந்தபோது பெட்டியில் மூன்று பட்டை விபூதி. மிதித்தான். லைட் எரிந்தது!

"பாத்தீங்களா ஆத்தா சக்திய! இப்ப வாசிச்சு சத்தம் போடாதீங்க, பூசை வச்ச சாமான். நேரா மேடையிலதான் மிதிக்கணும்."

மறுநாள் மேடை ஏறினான். அம்மன் பாட்டு பாதிக்கு வந்தது. தலைவர் கையைக் காட்டினார். விஜிதரன் கண்ணை இறுக்கி மூடி, மிதித்து, கண்டபடி விரலை ஓடவிட்டான்.

அடேயப்பா! என்ன வாசிப்பு! விரல் வழுக்கினாலும் சத்தம் வழுக்கவில்லை. அழுதது, குழைந்தது, உச்சிக்குப் போய் நின்றது. சாமி வந்து ரெண்டு பேர் ஆடியே விட்டார்கள். விசில் பறந்தது. தலைவர் ஓடி வந்து பொன்னாடை போர்த்தினார். ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு போய்விட்டது. சும்மா சொல்லக்கூடாது, விஜிதரன் அன்றைக்கு ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டான்.

காலையில் பொன்னாடையோடே தேத்தண்ணி குடித்தான்.

"பாத்தியா புள்ள என் கைய?"

"பாத்தேன். அழகன் கையையும் பாத்தேன்."

"அவன் கைக்கு என்ன?"

"அந்தக் கிட்டார்ச் சத்தம் பூரா அவன் கீபோர்டுல வச்சு வாசிச்சதுங்க. நீங்க வெட்டுன வயர்ல லைட்டுக்குப் போறத மட்டுந்தான் ஒட்டச் சொன்னேன். சத்தம் போற வயர் அப்படியே கெடக்கு."

விஜிதரனுக்குத் தேத்தண்ணி மூக்கில் ஏறியது. இருமி முடித்து, மெதுவாகக் கேட்டான்.

"வேற யாருக்கும் தெரியுமா?"

"ஒருத்தருக்கும் தெரியாது. ஒங்க மானம் எனக்கில்லையா?"

அப்பாடா! என்ன மாதிரிப் பொண்டாட்டி! வெட்கம் கிடக்கட்டும், தலை தப்பியதே. பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்தான்.

பிரேமினி கோப்பையை எடுத்துக்கொண்டே சொன்னாள். "அடுத்த வருசம் ஒரு மணித்தியாலம் நீங்க தனியாவே வாசிக்கணுமாம், தலைவர் கேட்டாரு. சரின்னுட்டேன். அழகன் வாற மாசம் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போறான், நீங்க இன்னைக்கே பழக ஆரம்பிங்க."