கழிவு வெப்ப மீட்புக் குழுவின் சாதனை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததே எங்கள் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையின் கூட்ட அறையைக் குளிர்விக்கத்தான். இது என் சொந்தக் கருத்தல்ல. கழிவு வெப்ப மீட்புக் குழு ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானம். குழுச் செயலாளர் என்ற முறையில் அடியேன் அதை எழுதி மட்டும் வைத்தேன்.

விஷயம் எளிது. உலையிலிருந்து வீணாகப் போகும் சூட்டைக் குழாயில் பிடித்து ஒரு பெரிய பெட்டிக்கு அனுப்புகிறோம். உள்ளே ஈரம் உறிஞ்சும் குருணை இருக்கிறது. அது நீராவியைக் குடிக்கும்போது பெட்டியில் மிஞ்சும் தண்ணீர் சில்லிட்டுப் போகும். வயிறு நிரம்பியதும் சூடு காட்டினால், குடித்ததைக் கக்கிவிட்டு மறுபடி குடிக்கத் தயாராகிவிடும். அந்தச் சில்லிப்பு முழுவதும் எங்கள் அறைக்கு வந்தது. கோடையிலும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு சிக்கனம் பற்றிப் பேசினோம்.

ஒருநாள் உலைக்காரர் வந்து நின்றார். சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி நிறையும்.

"சார், இந்தக் குளிர்ல ஒரு குழாய எங்க பக்கமும் விடுங்க. நேத்து ரெண்டு தடவ கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு."

"உங்க பக்கம் சூடா இருக்கறதாலதான்யா இங்க குளிருது," என்றார் மேலாளர். "அடிமடியிலயே கை வைக்கறீங்களே!"

குழு கைதட்டியது. கோரிக்கை 'பரிசீலனையில்' வைக்கப்பட்டது.

அடுத்த வாரம் ஆர்டர் இல்லாமல் உலை அணைந்தது. கூட்ட அறை புழுங்கத் தொடங்கியது. 'கடும் கழிவுப் பற்றாக்குறை' என்று அவசரக் கூட்டம் கூட்டினோம். உலைக்காரரை அழைத்து உலையை மூட்டச் சொன்னார் மேலாளர்.

"எத உருக்கறது சார்? உள்ள ஒண்ணுமே இல்லியே!"

"உருக்க வேணாம். நீங்க சூட்ட வீணாக்குங்க, போதும். மீட்கறத நாங்க பாத்துக்கறோம்."

வெற்று உலை மூன்று நாள் எரிந்தது. மீட்பு அளவு முன்னெப்போதும் இல்லாத உச்சத்தைத் தொட்டது. அந்த மகிழ்ச்சியான செய்தியை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. உலைக்காரரை இரண்டு பேர் தூக்கி வந்திருந்தார்கள். அவருக்கு நினைவில்லை; உதடு வெடித்திருந்தது.

"சார், குளிர்ச்சியான எடம் இது ஒண்ணுதான். கொஞ்ச நேரம் படுக்க வெச்சுக்கறோம்."

மேலாளர் பதறிப்போய் எழுந்தார்.

"ஐயோ, மொதல்ல அந்தக் கதவச் சாத்துங்க! குளிரெல்லாம் வீணாப் போகுது!"

அவர்கள் இன்னும் வெளியேதான் நின்றிருந்தார்கள். எழுந்து போய்ச் சாத்தியவன் நான்.