மூக்கர் அண்ணையின் அமெரிக்க விஸ்கி

ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த தமிழர்களில் விஸ்கியை மிகக் குறைவாகக் குடித்து, அதைப் பற்றி மிக அதிகமாகப் பேசியவர் மூக்கர் அண்ணைதான். இந்தப் பட்டத்துக்கு அவரோடு போட்டியிட ஒருவரும் முன்வந்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பான் நகரில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் மூன்று பிரமச்சாரிகள் இருந்தோம்: நான், ரஞ்சன், மூக்கர் அண்ணை. அவருடைய உண்மையான பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். பாலை மணந்து பார்த்துத்தான் தேநீரில் விடுவார். தோய்த்த சட்டையையும் மணந்துதான் போடுவார். பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

மேல்மாடியில் ஓர் அமெரிக்கக் கிழவர். மூக்கர் வைக்கும் ஆட்டிறைச்சிக் கறிக்கு அவர் அடிமை. ஊருக்குப் போய்வரும் போதெல்லாம், அங்கே சின்னச் சின்ன வடிசாலைகளில் கொஞ்சமாக வடிக்கிற விஸ்கியில் ஒரு போத்தல் கொண்டுவருவார். சோளத்தில் வடித்தது, உட்புறம் கருக்கிய ஓக் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்தது என்று விளக்கமும் சொல்வார். போத்தலோடு அந்த விளக்கத்தையும் கொடுத்ததுதான் அவர் எங்களுக்குச் செய்த துரோகம்.

ஞாயிறு மத்தியானம் சபை கூடும். மூக்கர் ஆளுக்கு ஒரு மிடறு ஊற்றி வைப்பார். என்ன மணக்கிறது என்று சொன்னால்தான் வாயில் வைக்கலாம்.

"பெற்றோல் மணக்குது" என்றான் ரஞ்சன், சீக்கிரம் குடிக்கிற ஆசையில்.

"பெற்றோலோ, மண்ணெண்ணெயோ? வடிவா மணந்துபோட்டுச் சொல்லடாப்பா."

"அண்ணை, தொண்டை காயுது."

"காயட்டும். கருகின சீனிப்பாகு வருதோ? அதுக்குப் பின்னால வாழைப்பழம்?"

"வாழைப்பழம் வேணுமெண்டா நான் கடைக்கெல்லோ போயிருப்பன்! உங்களோட விஸ்கி குடிக்கிறது விசா அலுவலகத்தில டெர்மின் எடுத்துக் காத்திருக்கிற மாதிரி. விடியவே வந்து குந்தினாலும் முறை வராது."

இந்த நிலையில்தான் மூக்கருக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. பெண்ணின் அண்ணன் ஹம் நகரிலிருந்து மாப்பிள்ளை பார்க்க வருகிறார் என்றார்கள். குடிகாரனுக்குத் தங்கச்சியைக் கொடுக்கமாட்டாராம். அதற்காகவே இரண்டு சம்பந்தங்களைத் தட்டிக்கழித்தவராம். மூக்கரோ பெண்ணின் படத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். அதையும் மணந்து பார்த்தார் என்பது ரஞ்சனின் குற்றச்சாட்டு. எப்படியாவது இது கைகூட வேண்டுமே என்று நாங்கள் போத்தல்களையெல்லாம் அள்ளி அழுக்குத்துணிக் கூடைக்குள் புதைத்தோம்.

வந்தவர் தேநீரைக் குடித்து முடித்ததும் நேரடியாகக் கேட்டார்: "தம்பி, குடிக்கிற பழக்கம் இருக்கோ?"

நான் 'சீச்சீ' என்று வாயெடுப்பதற்குள் மூக்கர் முந்திக்கொண்டார்.

"ஓம் அண்ணை. ஆனா குடிக்கிறது குறைவு, ருசி பாக்கிறதுதான் கூட. இருங்கோ, எடுத்துக்கொண்டு வாறன்."

ரஞ்சன் தலையில் கையை வைத்தான். மூக்கர் ஒரு போத்தலைக் கூடையிலிருந்து தோண்டி எடுத்து வந்தார். அதன் கழுத்தில் ரஞ்சனின் காலுறை ஒன்று தொங்கியது. ஒரு மிடறு ஊற்றி வந்தவர் முன்னால் வைத்தார்.

"முதல் மணந்து பாருங்கோ."

அவர் மரியாதைக்கு மணந்தார். "எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

"அவசரப்படாதேங்கோ."

மூக்கர் சோளத்தில் தொடங்கினார். பீப்பாய்க்கு வந்தார். வெயிலில் மரம் விரிவதையும் குளிரில் சுருங்குவதையும் இரண்டு கைகளாலும் காட்டினார். வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஹம்முக்குத் திரும்பும் ரயிலைக் கைவிட்டார். வெளியே பொழுது சாய்ந்தது. கிளாஸில் ஊற்றியது ஊற்றியபடியே இருந்தது.

கடைசியில் அவர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். வாசல்வரை கூடப் போன என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்த மனுசன் குடிச்சுக் கெட ஏலாது. அதுக்கு முதல் வாய் ஓயவேணும். தங்கச்சியின்ரை காதுதான் பாவம். நாள் பாக்கச் சொல்லுங்கோ."

கல்யாணம் முடிந்து மூக்கர் அண்ணை ஹம்முக்கே குடிபோனார். போகும்போது எங்களுக்கு அரைப் போத்தல் விஸ்கி விட்டுப்போனார். அந்த ஞாயிறே ரஞ்சன் இரண்டு கிளாஸிலும் தாராளமாக ஊற்றினான். மறிக்க ஆளில்லை. ஒரே இழுப்பில் குடித்தோம். பிறகு வெறுங் கிளாஸை மணந்து பார்த்தோம்.

"டேய்" என்றான் ரஞ்சன் மெதுவாக, "என்னெண்டாலும் சொல்லடா."