ஆறு கரண்டி உப்பு

முதல் வாயை விழுங்கியதும் பஸ் ஒர்க்‌ஷாப்பின் லேத்காரர் தட்டைத் தள்ளிவைத்தார்.

"என்னக்கா இது? உப்பே இல்ல!"

கேன்டீன்காரி கவுண்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு மேலே, சுவரில், அன்று காலைதான் மாட்டிய போர்டு. 'இன்று முதல் இந்தக் கேன்டீனில் பாதி உப்பு.' பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம் சிரித்துக்கொண்டிருந்தது.

சிக்கல் என்னவென்றால், அவள் உப்பைக் குறைக்கவே இல்லை.

குறைக்கத்தான் நினைத்திருந்தாள். ஆனால் காலையில் உப்புக் கரண்டியின் பிடி கையோடு கழன்று வந்துவிட்டது. அதைக் கரண்டி என்று சொல்வது பழக்கம். உண்மையில் உயரமான சின்ன எவர்சில்வர் டம்ளருக்குப் பிடி வைத்தது. புருஷன் அதை எடுத்துக்கொண்டு பஸ் ஒர்க்‌ஷாப்பின் வெல்டரிடம் ஓடி, பற்றவைத்து வாங்கி வந்து உப்பு டப்பாவுக்குள் போடும்போது மணி பதினொன்று. பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. கண் அடுப்பில் இருக்க, கை டப்பாவுக்குள் போனது. பதினான்கு வருடப் பழக்கத்தில் ஆறு கரண்டி விழுந்தது. ஆறாவது விழுந்த பிறகுதான் போர்டு ஞாபகம் வந்தது.

'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று மூடிவிட்டாள்.

இப்போது பெயின்டரும் எழுந்து நின்றார். "ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்குக்கா."

"சாப்பாடு இல்லடா, மாத்திரை. தண்ணி ஊத்தி முழுங்கு" என்றார் லேத்காரர்.

வெல்டர் மட்டும் குறை சொல்லவில்லை. ஒர்க்‌ஷாப்பிலேயே வயதில் மூத்தவர். போன வருடம் பிரஷர் ஏறி, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "எனக்கு நல்லாத்தான் இருக்கு தங்கச்சி" என்று கையைக் கழுவப் போனார். அவள் காது சூடாகியது.

புருஷன் ஒரு ஸ்பூன் பருப்பை வாயில் விட்டுப் பார்த்தான். "கம்மி மாதிரிதான் இருக்கு."

"நீயும் போர்டைப் படிச்சிட்டியா?"

"நீயே ஒரு வாய் பாரேன்."

"என் கை எனக்குத் தெரியாதா? போய் வெங்காயத்த உரி."

அவள் ருசி பார்ப்பதில்லை. அது அவளுடைய பெருமை. எண்பது பேருக்குச் சமைத்த வாசனையிலேயே வயிறு நிறைந்துவிடும். மத்தியானம் ஒரு பன், ஒரு டீ.

போர்டு வைத்தது நர்ஸ். ஒர்க்‌ஷாப்பில் பாதிப் பேருக்குப் பிரஷர் என்று கண்டுபிடித்தவள். மேனேஜர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். மூன்று மாதத்தில் பிரஷர் இறங்கினால் கேன்டீன் இவளிடமே இருக்கும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் பாக்கெட் தீனி விற்கும் மெஷின் வரும். மெஷின் வந்தால் அவளும் புருஷனும் எங்கே போய் அடுப்பு வைப்பது?

அன்று சாயங்காலம் பாத்திரத்தைத் துடைத்தபடி அவள் யோசித்தாள். குறைக்காத உப்புக்கே இந்தக் கூப்பாடு. நிஜமாகவே குறைத்தால் ஒருத்தர்கூட வரமாட்டார்கள். ஆளே இல்லாத கேன்டீனில் யார் பிரஷரைக் குறைப்பது?

மறுநாள் ஏழு கரண்டி போட்டாள். ஆளுக்குக் கொஞ்சம் மனம் தேறட்டும் என்றுதான்.

"உப்பு இன்னும் ஏறலக்கா" என்றார் லேத்காரர்.

அடுத்த நாள் எட்டு.

இரண்டு வாரத்தில் முணுமுணுப்பு அடங்கியது. "நாக்கு பழகிடுச்சுக்கா" என்று பெயின்டர் சிரித்தார். எட்டுக் கரண்டிக்குப் பழகிவிட்டது என்று அவளுக்குக் கேட்டது. அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் எழுந்ததும் நல்ல புத்தி வந்தது. எட்டைப் பழையபடி ஆறாக்கினாள்.

பன்னிரண்டு மணிக்குக் கலவரம். "அக்கா! மறுபடியும் குறைச்சிட்டீங்களா? பாதில பாதியா?"

மறுநாள் எட்டு.

முதல் மாதக் கடைசியில் நர்ஸ் கறுப்புப் பையோடு வந்து, எல்லார் கையிலும் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். பிறகு நேராகக் கவுண்டருக்கு ஓடிவந்தாள்.

"அக்கா, எல்லாருக்கும் இறங்கியிருக்கு!"

"எது?"

"பிரஷர்தான்! வேற எது?"

கேன்டீன்காரி அடுப்பு ஆவிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள். "மெஷின் சரியா இருக்கான்னு ஒரு தடவ பாத்துடுங்களேன்."

"புது மெஷின்கா. உங்களுக்கு எவ்ளோ அடக்கம்!"

அதன் பிறகு அவளால் தலை நிமிர முடியவில்லை. பெயின்டரின் மனைவி தேடி வந்து, கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். மளிகைக் கடைக்காரர், "முன்னாடி மாசத்துக்கு ஆறு பாக்கெட் உப்பு எடுப்பீங்க, இப்ப நாலுதான். பெரிய மனசு" என்றார். போர்டைப் பற்றிக் கேள்விப்பட்டால் கடைக்காரருக்குக் கணக்குகூடவா மறந்துபோகும்? அவள் மீதியை வாங்காமலே திரும்பி நடந்தாள்.

பக்கத்துக் கம்பெனிகளின் கேன்டீன்களிலிருந்து நான்கு பேர் கற்றுக்கொள்ள வந்தார்கள். ஒருத்தி நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, பேனாவோடு நின்றாள்.

"எண்பது பேருக்கு எத்தன கரண்டிக்கா?"

"மூணு."

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அந்தப் பெண் அதை எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த புருஷனின் கத்தி ஒரு நொடி நின்றது.

அவர்கள் போனதும் அவன் கேட்டான். "மூணா?"

"நீ ஒண்ணும் பேசாத."

"நான் எங்க பேசினேன்? எட்டுன்னு ஒரு நம்பர் காதுல விழுந்த ஞாபகம், அவ்வளவுதான்."

வெல்டர் தினமும் வந்தார். அவர் தட்டில் பருப்பை ஊற்றும்போது மட்டும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவருக்கு மட்டும் உப்பில்லாமல் தனியாகக் கொஞ்சம் எடுத்துவைக்கலாமா என்று பார்த்தாள். அவர் மறுத்துவிட்டார்.

"எல்லாருக்கும் போடுறதே எனக்கும் போடுங்க. உங்க கைமேல எனக்கு நம்பிக்கை இருக்கு தங்கச்சி."

அதற்குப் பதில் அவர் அவளைத் திட்டியிருக்கலாம்.

மூன்றாவது மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, கேன்டீனிலேயே பாராட்டுக் கூட்டம். பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். மேனேஜர் வந்திருந்தார். மறுபடி கேன்டீன் எடுப்பதற்கான தாள், அவள் கையெழுத்துக்காக, மேஜையில் இருந்தது. நர்ஸ் பேப்பரைப் பார்த்து எண்களை வாசித்தாள். ஒவ்வொரு எண்ணுக்கும் கைதட்டல். அவசரமாக ஒரு பஸ் வந்துவிட்டதால் வெல்டர் மட்டும் வெளியே அதன் அடியில் படுத்திருந்தார்.

லேத்காரர் எழுந்தார். "என் பொண்ணு நேத்து சொல்லுது, அப்பா இப்பல்லாம் நீ சிடுசிடுன்னு விழறதில்லன்னு. அதுக்குக் காரணம் இந்த அக்கா கைதான். முதல் நாள் தட்டத் தள்ளினேன்ல, மன்னிச்சுக்கக்கா."

மன்னிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நான் உப்பைக் குறைக்கல" என்றாள்.

கைதட்டல் அரைகுறையாக நின்றது.

"ஒரு நாள்கூடக் குறைக்கல. ஆறு கரண்டி போட்டேன். நீங்க கத்தினதும் எட்டாக்கினேன். இன்னைக்கும் எட்டுதான். அந்த போர்டு பொய்."

புருஷன் கண்களை மூடிக்கொண்டான். நர்ஸ் கையிலிருந்த பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது.

முதலில் வாய் திறந்தது லேத்காரர்தான். "எனக்கு அப்பவே தெரியும். உப்பு கரிச்சுதே!"

"ஆமா, ஒரே கரிப்பு" என்றார் பெயின்டர். "மரியாதைக்குத்தான் சும்மா இருந்தோம்."

மேனேஜர் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "திங்கக்கிழமை மெஷின் வந்துடும்மா" என்று மட்டும் சொன்னார். யாரோ ஸ்டூல் போட்டு ஏறி போர்டைக் கழற்றினார்கள். சிவப்பு இதயம் சுவரைப் பார்த்தபடி மூலையில் நின்றது.

எல்லாரும் போன பிறகு, அவள் உப்பு டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே ஏதோ லேசாகவும் இருந்தது. மூன்று மாதத்தில் இன்றைக்குத்தான் உண்மை பேசியிருக்கிறாள்.

வெல்டர் கையில் கிரீஸோடு உள்ளே வந்தார். வெறும் சுவரைப் பார்த்தார். "போர்டு எங்க தங்கச்சி?"

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். ஆறு, எட்டு, மூணு, எல்லாம். "உங்க முகத்துல முழிக்கவே கூசுதுண்ணே."

வெல்டர் கிரீஸ் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். துடைத்த விரல்களையே திரும்பத் துடைத்தார்.

"எனக்குத்தான் கூசுது தங்கச்சி. நீங்க கையக் குறைக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான், பிடி பத்தவைக்கக் குடுத்த அன்னைக்கே அந்த உப்புக் கரண்டி டம்ளருக்குள்ள பாதி உயரத்துல ஒரு தகட்ட வச்சு அடைச்சுட்டேன்."